வசந்தகாலத்து உலர்புல் விலை: அமெரிக்க மாட்டுப் பண்ணைகள் எடுக்கும் முடிவும் அதன் நீண்ட விளைவும்

அமெரிக்காவின் உலர்புல் சந்தைக்கு ஆண்டுக் கணக்கு மே மாதம் முதல் தேதி தொடங்குகிறது. குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்குப் போட்டது போக, பண்ணைகளில் எவ்வளவு புல் எஞ்சியிருக்கிறது என்பதை அந்நாட்டு வேளாண் துறை அந்தத் தேதியை வைத்துக் கணக்கிட்டு, அதே மாதத்தில் வெளியிடுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விவசாயத் துறையின் எண்ணற்ற புள்ளிவிவரங்களில் ஒன்று. ஆனால் ஒரு வசந்தகாலத்தில் புல்லுக்கு இருக்கும் விலைதான், எத்தனை பசுக்கள் பண்ணையில் தங்கும், எத்தனை பசுக்கள் ஏலச் சந்தைக்குப் போகும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அந்த முடிவின் விளைவு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இறைச்சிக் கடையின் விலைப் பட்டியலில் தெரியவருகிறது. 2011ஆம் ஆண்டுக்குப் பிந்தைய காலத்தில் அமெரிக்கா இதனை இரண்டு முறை கண்டிருக்கிறது.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு

தமிழர்களுக்குப் பழக்கமான வைக்கோல், நெல்லை எடுத்த பிறகு எஞ்சும் தாள். அமெரிக்கப் பண்ணைகளில் பேசப்படும் உலர்புல் அப்படிப்பட்டதன்று. தீவனத்துக்கென்றே பயிரிட்டு, விதை முற்றுவதற்கு முன் பச்சையாக அறுத்து, வயலிலேயே வெயிலில் உலர்த்தி, இயந்திரத்தால் கட்டுகளாகக் கட்டி வைக்கப்படும் பயிர் அது.

இதில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்று சாதாரணப் புல் வகை. தெற்கு மாநிலங்களில் பரவலாக வளர்க்கப்படும் பெர்முடா புல், தமிழகத்து வரப்புகளில் காணப்படும் அறுகம்புல்லின் இனமே. மற்றொன்று, தமிழகக் கால்நடைத் துறையினர் குதிரைமசால் என்று அழைக்கும் அல்ஃபால்ஃபா. புரதச் சத்து மிகுந்த இது பெரும்பாலும் கறவைப் பண்ணைகளுக்குச் செல்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5 கோடி ஏக்கரில் பயிரிடப்படுகின்றன. ஆண்டு விளைச்சல் சுமார் 12 கோடி டன். இங்கு டன் என்று குறிப்பிடப்படுவது 907 கிலோ எடையுள்ள அமெரிக்க டன்.

இவ்வளவு பெரிய விளைச்சல் இருந்தும், இதற்கான சந்தை சிறியது. மாடு வளர்ப்பவர்களில் பலர் தங்கள் நிலத்தில் விளைந்த புல்லைத் தங்கள் மாடுகளுக்கே போட்டுவிடுகின்றனர். நல்ல மழை பெய்த ஆண்டில் இவர்கள் சந்தைக்கு வருவதில்லை, அல்லது மிச்சத்தை விற்க வருகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் இவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் வாங்குபவர்களாக மாறிவிடுகின்றனர். விளைச்சல் பத்து விழுக்காடு குறைந்தால் விலை அதைவிடப் பல மடங்கு தாவுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஒரே நாட்டில் பல விலைகள்

கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் சிகாகோ சந்தையில் நாடு முழுவதற்கும் வழிகாட்டும் விலை ஒன்று இருக்கிறது. உலர்புல்லுக்கு அப்படி எதுவும் இல்லை. டெக்சாசில் ஒரு விலை, நெப்ராஸ்காவில் ஒரு விலை, கலிஃபோர்னியாவில் மற்றொரு விலை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறுகிறது. வேளாண் துறையின் வாராந்தரச் சந்தை அறிக்கைகளும் மாநில வாரியாகவே வெளிவருகின்றன.

இதற்கான காரணம் புல்லின் எடையிலும் கன அளவிலும் இருக்கிறது. ஓர் உருளைக் கட்டு சுமார் 500 கிலோ எடை கொண்டது. நீண்ட லாரி ஒன்றில் ஏறக்குறைய 22 டன் ஏற்றலாம். மைலுக்கு 4 டாலர் வாடகை என்று வைத்துக்கொண்டால், 800 கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்ல 2,000 டாலர் ஆகும். அதாவது டன் ஒன்றுக்கு 90 டாலர் கூடுதல் செலவு. சாதாரண ஆண்டுகளில் தரம் குறைந்த புல்லின் விலையே இதைவிடப் பெரிதாக அதிகமிராது. ஆகவே வட டகோட்டாவில் புல் மலிந்து கிடந்தாலும், தெற்கு டெக்சாசில் தவிக்கும் மாட்டுக்கு அது எளிதில் எட்டுவதில்லை.

இந்தச் செலவு யார் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மாட்டுத் தொழில் என்றதும் பல்லாயிரம் மாடுகள் நிற்கும் கொழுப்பிப்புத் தொழுவங்களே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆனால் கன்று ஈனும் இறைச்சிப் பசுக்களை வைத்திருக்கும் பண்ணைகளின் சராசரி அளவு ஐம்பது பசுக்களுக்கும் குறைவு. இவர்களில் பெரும்பாலானோர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு மாடு வளர்ப்பவர்கள்.

ஐம்பது பசுக்கள் கொண்ட ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 14 கிலோ உலர்புல் தேவை. நான்கு மாதக் குளிர்காலத்துக்கு, சேதாரம் நீங்கலாகவே, 80 டன்னுக்குக் குறையாமல் வேண்டும். புல் விலை டன்னுக்கு 100 டாலர் உயர்ந்தால் பண்ணையின் செலவு 8,000 டாலர் கூடுகிறது. கன்றுகளை விற்றுக் கிடைக்கும் இலாபம் முழுவதையும் இது விழுங்கிவிடக் கூடும்.

வசந்தகாலம் ஏன் முக்கியமாகிறது?

வசந்தகாலத்தின் தொடக்கத்தில் பழைய இருப்பு தீர்ந்துகொண்டிருக்கும், புதிய அறுப்பு வந்திராது. மேய்ச்சல் நிலங்கள் பசுமை பெறச் சில வாரங்கள் பிடிக்கும். அதே வேளையில், குளிர்காலக் கடைசியில் கன்று ஈன்ற பசுக்களுக்குப் பால் சுரக்க வழக்கத்தைவிட அதிகத் தீவனம் தேவைப்படும். ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் கையிருப்பு இல்லாதவர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்க வேண்டியவராகிறார்.

மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. புல் வளர மழை வேண்டும். ஆனால் அறுத்துப் போட்ட புல் மீது மழை பெய்தால் சத்துகள் கரைந்துவிடுகின்றன, குதிரைமசாலின் இலைகள் உதிர்ந்துவிடுகின்றன, ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. முதல் அறுப்பில் மழை குறுக்கிட்டால், மொத்த விளைச்சல் குறையாவிட்டாலும் தரமான புல் அருகிவிடுகிறது. அப்போது கறவைப் பண்ணைகள் தேடும் உயர்தரப் புல்லின் விலை ஏறுகிறது, நனைந்த புல்லோ மலிவாக விலை போகிறது. ஒரே வாரத்தில், ஒரே மாவட்டத்தில், இரு கட்டுகளுக்கிடையே பெரும் விலை வேறுபாடு காணப்படுவது இதனால்தான்.

2011: டெக்சாஸ் தந்த பாடம்

2010 அக்டோபர் முதல் 2011 செப்டம்பர் வரையிலான பன்னிரண்டு மாதங்கள், டெக்சாஸ் மாநிலத்தின் பதிவேடுகளிலேயே மிக வறண்ட பன்னிரண்டு மாதங்களாக அமைந்தன. 2011 வசந்தகாலத்தில் எதிர்பார்த்த மழை வரவில்லை. முதல் அறுப்பு பல இடங்களில் நடைபெறவே இல்லை. புல்லைத் தேடி மாடு வளர்ப்பவர்கள் வடக்கு எல்லையோர மாநிலங்கள் வரை சென்றனர். பெரிய கட்டுகளை ஏற்றி வரும் லாரிகளுக்கான அளவுக் கட்டுப்பாடுகளை மாநில நிர்வாகம் தளர்த்தியது.

அந்த வறட்சியால் டெக்சாஸ் வேளாண்மைக்கு ஏற்பட்ட இழப்பை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு 762 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இதில் கால்நடைத் துறையின் இழப்பு 323 கோடி டாலர், உலர்புல் விளைச்சல் இழப்பு 75 கோடி டாலர். ஓராண்டுக்குள் அம்மாநிலத்தின் இறைச்சிப் பசுக்களின் எண்ணிக்கை ஆறு லட்சத்துக்கும் மேல் குறைந்தது.

அடுத்த ஆண்டு வறட்சி மத்திய மேற்கு மாநிலங்களுக்குப் பரவியது. விளைவாக, 2013 மே முதல் தேதி நாடு முழுவதும் இருந்த உலர்புல் இருப்பு 1 கோடியே 42 லட்சம் டன் மட்டுமே. முந்தைய ஆண்டின் இருப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமற்போயிருந்தது. 2014இல் மழை திரும்பியபோது, வாங்குவதற்குப் போதிய மாடுகள் இல்லை. மாட்டு விலையும் இறைச்சி விலையும் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டன.

2022-23: மீண்டும் அதே பாதை

2020 முதல் 2023 வரை, தொடர்ந்து மூன்று குளிர்காலங்களில் பசிபிக் பெருங்கடலில் லா நினா நிலை நீடித்தது. அமெரிக்காவின் தெற்குச் சமவெளிகளும் மேற்கு மாநிலங்களும் இதனால் வறண்டன. இம்முறை வறட்சியோடு மற்றொரு சுமையும் சேர்ந்துகொண்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா யுக்ரெய்ன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, ஏற்கெனவே உயர்ந்திருந்த உர விலை மேலும் ஏறியது. டீசல் விலையும் உயர்ந்தது. தழைச்சத்து உரம் இன்றிச் சரிவர விளையாத பெர்முடா புல்லுக்குப் பலர் உரத்தைக் குறைத்தனர். மழையும் இல்லை, உரமும் இல்லை என்ற நிலையில் விளைச்சல் சரிந்தது.

2022 டிசம்பர் முதல் தேதி நாட்டின் உலர்புல் இருப்பு 7 கோடியே 19 லட்சம் டன்னாக இருந்தது. 1954க்குப் பிறகு அந்தத் தேதியில் பதிவான மிகக் குறைந்த அளவு இது. 2023 மே மாதத்தில் அது 1 கோடியே 45 லட்சம் டன்னாகச் சுருங்கி, 2013ஆம் ஆண்டின் நிலையை நெருங்கியது. குதிரைமசாலின் நாடு தழுவிய சராசரி விலை டன்னுக்கு 250 டாலரைத் தாண்டியது.

பண்ணைகள் எடுத்த முடிவும் முன்பு போலவே அமைந்தது. முதலில் வயதான பசுக்கள் விற்கப்பட்டன. பிறகு, அடுத்த தலைமுறைக்கென்று வைத்திருக்க வேண்டிய கிடாரிகளும் விற்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் தேதிக் கணக்கின்படி, அமெரிக்காவில் மொத்தம் 8 கோடியே 67 லட்சம் மாடுகளே இருந்தன. 1951க்குப் பிறகு அதுவரை பதிவான மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவே.

விலை இறங்கியும் மாடுகள் திரும்பவில்லை

2023இல் பல பகுதிகளில் மழை பெய்தது. 2024 மே மாதத்தில் உலர்புல் இருப்பு சுமார் 2 கோடியே 10 லட்சம் டன்னாக உயர்ந்தது. விலையும் கணிசமாக இறங்கியது. தீவனம் மலிந்தால் மாடுகள் பெருக வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் அவ்வாறு நிகழவில்லை.

இதற்கு உயிரியல் காரணம் ஒன்று உண்டு. இன்று விற்காமல் வைத்துக்கொள்ளும் கிடாரி, சினைப்பட்டு முதல் கன்றை ஈனும்போது அதற்கு இரண்டு வயதாகியிருக்கும். அந்தக் கன்று வளர்ந்து இறைச்சிக்குத் தயாராக மேலும் ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். ஆக, ஒரு வாரத்தில் விற்றதை மீட்டெடுக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படுகிறது.

பொருளாதாரக் காரணங்களும் உண்டு. மாட்டு விலை உச்சத்தில் இருக்கும்போது ஒரு கிடாரியை வைத்துக்கொள்வது என்பது, கைக்கு வரும் பெருந்தொகையை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பானது. 2022க்குப் பிறகு வட்டி விகிதங்கள் உயர்ந்ததால், கடன் வாங்கி மந்தையைப் பெருக்குவதும் கடினமாயிற்று. மாடு வளர்ப்பவர்களில் பலர் முதியவர்கள். அடுத்த வறட்சி எப்போது வரும் என்று தெரியாத நிலையில் மீண்டும் தொடங்க அவர்கள் தயங்குகின்றனர். திருகுப் புழு நோயைத் தடுக்கும் பொருட்டு மெக்சிகோவிலிருந்து உயிர் மாடுகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 2024 நவம்பரில் நிறுத்தியதும், இடையில் அனுமதித்து 2025 மே மாதத்தில் மீண்டும் நிறுத்தியதும் பற்றாக்குறையைக் கூட்டின. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க நகரங்களில் அரைத்த மாட்டிறைச்சியின் சராசரி விலை முதன்முறையாக பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டியது.

மறுபுறம், விலை வீழ்ச்சி புல் விளைவிப்போரைப் பாதித்தது. உரமும் இயந்திரமும் கூலியும் உயர்ந்த நிலையிலேயே இருக்க, விளைபொருளின் விலை மட்டும் இறங்கியது. 2023இல் பால் விலை குறைந்ததால் கறவைப் பண்ணைகளும் குதிரைமசால் வாங்குவதைச் சுருக்கிக்கொண்டன. மாடு வளர்ப்பவருக்கு ஆறுதலான விலை, புல் விளைவிப்பவருக்கு நட்டமாகிறது. நட்டம் நீடித்தால் அவர் வேறு பயிருக்கு மாறிவிடுவார். அடுத்த பற்றாக்குறைக்கான விதை இப்படித்தான் விழுகிறது.

கடல் கடக்கும் புல்

புல் நீண்ட தூரம் பயணிப்பதில்லை என்ற விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. மேற்கு மாநிலங்களில் விளையும் குதிரைமசால், இயந்திரங்களால் இறுக்கி அழுத்தப்பட்டு, சரக்குப் பெட்டகங்களில் கடல் கடந்து செல்கிறது. ஆசியாவிலிருந்து பொருட்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பெட்டகங்களில் இடம் மலிவாகக் கிடைப்பது இதற்கு உதவுகிறது. சீனா, ஜப்பான், தென் கொரியா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை முக்கிய வாடிக்கையாளர்கள். 2022இல் ஏற்றுமதியான குதிரைமசாலில் ஏறத்தாழ பாதியைச் சீனா வாங்கியது. அமெரிக்காவின் மொத்த உலர்புல் விளைச்சலில் ஏற்றுமதி சிறு பங்கே எனினும், மேற்கு மாநிலங்களில் அது விலையைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியது. அங்குள்ள பண்ணை, பக்கத்துப் பண்ணையோடு மட்டுமல்லாமல் பெய்ஜிங், ரியாத் நகரங்களின் கறவைப் பண்ணைகளோடும் போட்டியிட்டே புல் வாங்க வேண்டியிருக்கிறது.

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்களின் அன்றாடத் தேநீருக்கும் இதில் தொடர்பு உண்டு. நிலத்தடி நீர் வற்றி வருவதைக் கண்ட சவுதி அரசு, பச்சைத் தீவனப் பயிர்களை நாட்டுக்குள் பயிரிடுவதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்த 2015இல் முடிவெடுத்தது. அந்நாட்டின் பெரிய பால் நிறுவனமான அல்மராய், அதற்கு முன்னரே, 2014இல் அரிசோனா மாநிலத்தில் ஏறத்தாழ 9,800 ஏக்கர் நிலத்தை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அங்கு விளையும் குதிரைமசால் சவுதி பசுக்களுக்குச் செல்கிறது.

அரிசோனாவின் கிராமப்புறப் பகுதிகள் பலவற்றில் நிலத்தடி நீரை எடுப்பதற்குக் கட்டுப்பாடு இல்லாததால், இது அரசியல் பிரச்சினையாயிற்று. 2023 அக்டோபரில், பட்லர் பள்ளத்தாக்கில் அந்நிறுவனத்தின் துணை நிறுவனமான ஃபாண்டோமான்டேவுக்குத் தரப்பட்டிருந்த அரசு நிலக் குத்தகைகளில் ஒன்றை ரத்து செய்வதாகவும் ஏனையவற்றைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அறிவித்தார். 2024 டிசம்பரில் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி கிரிஸ் மேயஸ் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்.

ஆனால் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது முழுமையான படமாகாது. கொலராடோ நதியின் நீர் எங்கே போகிறது என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. மனிதர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் அந்நதி நீரில் 46 விழுக்காடு, குதிரைமசால் உள்ளிட்ட மாட்டுத் தீவனப் பயிர்களுக்கே செல்வதாக அது கண்டறிந்தது. அத்தீவனத்தின் பெரும்பகுதி அமெரிக்க மாடுகளுக்கே போகிறது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில், கோடையில் சில வாரங்கள் குதிரைமசாலுக்கு நீர் பாய்ச்சாமல் விடும் விவசாயிகளுக்குப் பணம் தரும் திட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. நதிக்கு இது நன்மை. ஆனால் சேமிக்கப்படும் ஒவ்வொரு துளி நீரும், சந்தைக்கு வராத புல்லாகவும் கணக்கில் சேரும்.

உதவி வரும், தாமதமாக வரும்

அமெரிக்க அரசு மாடு வளர்ப்பவர்களைக் கைவிட்டுவிட்டது என்று கூற இயலாது. மேய்ச்சல் நிலம் வறண்டால் தீவனச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் திட்டம், 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் உருவாகி 2014இல் நிரந்தரமாக்கப்பட்டது. மழைக் குறைவுக்கான காப்பீடும் உண்டு. தொலைவிலிருந்து தீவனம் கொண்டுவரும் போக்குவரத்துச் செலவுக்கு 2021 முதல் உதவி வழங்கப்பட்டது.

எனினும் வறட்சிக்கான தீவன உதவி, மாவட்டம் வறட்சி வரைபடத்தில் குறிப்பிட்ட நிலையை எட்டிய பிறகே கிடைக்கிறது. மாட்டின் பசி அதுவரை காத்திருப்பதில்லை. 2024 பிப்ரவரி இறுதியில் டெக்சாசின் வடக்குப் பகுதியில் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்த பெருந்தீயில் ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. உயிர் தப்பிய மாடுகளுக்கு மேய ஒரு பிடி புல்லும் இருக்கவில்லை. அப்போது முதலில் வந்து சேர்ந்தவை, பிற மாநில விவசாயிகள் இலவசமாக அனுப்பிய புல் லாரிகள். அந்த உதவி பல மந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் மூன்றாண்டு வறட்சியை அண்டை அயலாரின் நல்லெண்ணத்தைக் கொண்டு கடந்துவிட முடியாது.

காலநிலை ஆய்வாளர்கள் தென்மேற்கு அமெரிக்காவுக்கு மேலும் வெப்பமான, நீர் குறைந்த ஆண்டுகளை எதிர்பார்க்கின்றனர். அந்நிலையில், நல்ல ஆண்டில் மலிவாகக் கிடைக்கும் புல்லை வாங்கிக் கூரையின் கீழ் பாதுகாத்து வைப்பவரே வறண்ட ஆண்டில் தப்பிக்க முடியும். திறந்தவெளியில் மழையில் கிடக்கும் உருளைக் கட்டுகளின் வெளி அடுக்குகள் அழுகிப் பெரும் பகுதி வீணாகிவிடுவதை வேளாண் விரிவாக்க அலுவலர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். ஆனால் கொட்டகை கட்டவும் ஓராண்டுப் புல்லில் பணத்தை முடக்கவும் ஐம்பது பசுக்கள் வைத்திருப்பவரிடம் முதல் இருப்பதில்லை. வறட்சிக்குப் பிறகு நிவாரணமாகச் செலவிடப்படும் பணத்தில் ஒரு பகுதி, வறட்சிக்கு முன்பே சேமிப்புக் கொட்டகைக்கும் கடனுதவிக்கும் செலவிடப்பட்டிருந்தால், 2011இலும் 2022இலும் ஏலச் சந்தைக்குப் போன கிடாரிகளில் பல பண்ணைகளிலேயே இருந்திருக்கும்.

வரும் ஆண்டுகளில் மே மாத இருப்புக் கணக்கு வெளியாகும்போது அதில் பார்க்க வேண்டியவை மூன்று: எந்த வட்டாரத்தில் இருப்பு குறைந்திருக்கிறது, அங்கு முதல் அறுப்பு மழையில் சிக்காமல் முடிந்ததா, கிடாரிகள் பண்ணையில் நிறுத்தப்படுகின்றனவா அல்லது விற்கப்படுகின்றனவா என்பவை. முதல் இரண்டும் அந்த ஆண்டின் புல் விலையைச் சொல்லும். மூன்றாவது, நான்கு ஆண்டுகளுக்குப் பிந்தைய மாட்டிறைச்சி விலையைச் சொல்லும்.